இரண்டாவது சாரா

அலைடா பிரின்ஸுக்கு மூன்றாம் அங்கம் என்றால் கம்பளி நூல்தான்.

அவளுக்குக் கிடைத்த வேடங்கள் அப்படி. வேலைக்காரி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி, கடிதம் கொண்டுவருகிறவள், கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறவள். முதல் அங்கத்தில் வருவாள். இரண்டாம் அங்கத்தில் ஒரு சேதியைப் போட்டு உடைத்துவிட்டுப் போவாள். அதோடு நாடகம் எழுதியவர் அவளை மறந்துவிடுவார். ஆனால் முடிவில் எல்லாரோடும் கைகோத்து நின்று வணங்க வேண்டுமே! ஒப்பனையைக் கலைக்கவும் முடியாது, வீட்டுக்குப் போகவும் முடியாது. ஒப்பனை அறையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள். சோக நாடகம் என்றால் மூன்றாம் அங்கம் நீளம், ஒரு கை முழுசாக முடிந்துவிடும். நகைச்சுவை என்றால் கழுத்துப் பட்டி மட்டும்தான். முப்பத்துமூன்று வருஷத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்த அந்தக் குழுவில் அவள் பின்னிய ஸ்வெட்டர் இல்லாத ஆளே கிடையாது. விளக்குப் போடுகிறவர், திரை இழுக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர் உட்பட. குழுவின் தலைவர் லாம்மர்ஸிடம் மூன்று இருந்தன. பெப் ஹார்ட்மனிடம் நான்கு.

பெப்பும் அவளும் ஒரே ஒப்பனை அறையில், ஒரே கண்ணாடிக்கு முன்னால் முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்தவர்கள். பெப் கதாநாயகி. மூன்றாம் அங்கம் முழுக்க மேடையில் நிற்பவள். அலைடா பின்னிக்கொண்டிருப்பாள், சுவருக்கு அந்தப் பக்கம் பெப்பின் குரல் கேட்கும். கேட்டுக் கேட்டு பெப்பின் வசனங்கள் எல்லாம் அலைடாவுக்கு மனப்பாடம்.

அந்த அறையில் ஒரு சட்டம் இருந்தது. இளையவள் காபி கொண்டுவர வேண்டும்.

சட்டம் பிறந்தது 1925-இல், அலைடா அந்தக் குழுவில் சேர்ந்த முதல் நாள். அப்போது இருந்த தலைவர் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார். அலைடாவுக்கு இருபத்துமூன்று. "உன் வயசு என்னம்மா?" என்றார். "பதினேழு" என்று வாயில் வந்துவிட்டது. முகமும் சின்ன முகம், அவர் நம்பிவிட்டார். ஒப்பனை அறைக்குள் நுழைந்ததும் அங்கே உட்கார்ந்திருந்த பெப் கேட்டாள், "எத்தனை வயசுடி உனக்கு?"

"பதினேழு."

"எனக்குப் பத்தொன்பது. அப்ப நீதான் சின்னவ. போ, காபி எடுத்துட்டு வா."

அன்று போனவள்தான். தன்னைவிட நான்கு வயது இளையவளுக்கு, வாரத்தில் ஆறு நாள், நாடகத்துக்கு முன்னால் ஒன்று, இடைவேளையில் ஒன்று என்று அலைடா காபி சுமந்தாள். போர்க்காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்புக்காரர்களின் பதிவேட்டில் பெயர் கொடுக்க மாட்டோம் என்று இருவரும் மேடையை விட்டு, யார் யார் வீட்டுக் கூடத்திலோ ரகசியமாக நடித்த நாட்களில்கூட, காபி என்ற பெயரில் வறுத்த கிழங்குப் பொடித் தண்ணீரைக் கொண்டுவந்தவள் அவள்தான். பொய் சொன்னது ஒரே ஒரு நாள், சுமந்தது ஆயுசுக்கும்.

1958 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, குழு பஸ்ஸில் ஸ்வோல்லவுக்கு நாடகம் போடப் போய்க்கொண்டிருந்தது. லாம்மர்ஸ் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்றின் மேல் அலைடாவின் நீல ஸ்வெட்டர் விறைத்து நின்றது.

"ஒரு விஷயம். நகர நாடகமன்றத்துல அக்டோபர் பதினெட்டாம் தேதி காலியா இருக்கு. விழா நாடகத்துக்குத்தான் குடுப்பாங்களாம். மேடையில நாப்பது வருஷம் முடிச்சவங்க யாராச்சும் நம்மகிட்ட இருந்தா நமக்கு. இல்லேன்னா வேற குழுவுக்குப் போயிடும்."

விழா நாடகம் என்றால் எல்லாருக்கும் தெரியும். நாற்பது வருஷம் நடித்தவர் தனக்குப் பிடித்த நாடகத்தைத் தானே சொல்லலாம், பிடித்த வேடத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். முடிவில் மாலை, மேயரின் பேச்சு, அரசியின் பதக்கம். அதைவிட, எல்லாரும் வணங்கி முடித்த பிறகு மேடைக்குத் தனியாக வரலாம்.

"எனக்கு முப்பத்துநாலு" என்றாள் பெப். "ஆறு வருஷம் கடன் குடுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையா, ஓட்டுநரே?" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்கு நாப்பது இருக்கு. ஆனா அத்தனை வருஷமும் ஜனங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காந்திருந்தேன்" என்றார் ஓட்டுநர்.

பஸ் சிரித்தது. லாம்மர்ஸ் மட்டும் பெருமூச்சு விட்டார். "அப்போ திங்கக்கிழமை காலைல இல்லேன்னு சொல்லிடறேன். அந்த இன்னொரு குழுவுல ஒருத்தர் ரெடியா காத்திருக்காரு. ராஜா வேஷத்தைத் தவிர வேற எதுவும் போடமாட்டாரு. அக்டோபர்ல அவரு இன்னொரு தடவை சாவாரு, நாம பாத்துட்டு வரலாம்."

அலைடாவின் கையிலிருந்த பின்னலில் ஒரு கண்ணி நழுவியது. முப்பத்துமூன்று வருஷத்தில் முதல் தடவை.

ஏனென்றால் அவளுக்கு நாற்பது இருந்தது. பதினாறாவது வயதில், 1918 ஆகஸ்டில், ஊர் ஊராகப் போகும் ஒரு சந்தைக் கொட்டகைக் குழுவோடு ஓடிப்போய் நடிக்கத் தொடங்கியவள் அவள். அந்த ஏழு வருஷத்தை 1925-இல் ஒரே வாய்ச்சொல்லில் தொலைத்துவிட்டாள். பதினேழு வயதுக்காரி ஏழு வருஷமாக நடித்துக்கொண்டிருக்க முடியுமா? பத்து வயதிலா மேடையேறினாள்?

வீட்டுக்குப் போனதும் அலமாரி மேலிருந்த தொப்பிப் பெட்டியை இறக்கினாள். அடியில் அந்தச் சந்தை நாடகத்தின் அறிவிப்புத் தாள், மஞ்சளாகிப்போய், மடிப்பில் கிழிந்து கிடந்தது. அவள் பெயரும் அதில் இருந்தது. பிரித்துப் பார்த்தாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

என்ன நாடகம் கேட்பாள் என்று அவளுக்கு யோசிக்கவே வேண்டாம். ஆற்றங்கரையில் ஓடம் விடும் விதவையின் கதை ஒன்று அவர்களிடம் இருந்தது. திரை விலகும்போது மேடையில் இருப்பவள் அந்த ஓடக்காரி, திரை விழும்போதும் இருப்பவள் அவளே. அந்த நாடகத்தில் அலைடா முதலில் மகளாக நடித்தாள், பிறகு பக்கத்து வீட்டுக்காரியாக. ஓடக்காரி எப்போதும் பெப்.

கேட்டால் கிடைக்கும். ஆனால் கேட்பதற்கு, ஊருக்கெல்லாம் ஐம்பதாகப் போகிறவள், ஐம்பத்தாறு என்று சொல்ல வேண்டும். லாம்மர்ஸிடம் சொல்லிவிடலாம். பத்திரிகைக்காரர்களிடம்கூட. பெப்பிடம் எப்படிச் சொல்வது? "கிழவி, முதுகு வலிக்குதா?" என்று முப்பத்துமூன்று வருஷமாக பெப்பைச் சீண்டிய வாய் அது. தலையணையை அவளுக்கு எடுத்துக் கொடுத்து, "பெரியவங்களுக்கு மரியாதை" என்று கண்ணடித்த வாய்.

ஞாயிற்றுக்கிழமை, பதினாறாம் தேதி, அவள் பிறந்தநாள்.

தங்கை ஹெர்மீன் காலை ரயிலில் சுட்ஃபெனிலிருந்து வந்துவிட்டாள். கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி, கைப்பையில் பிரசங்கத்தின்போது சப்புவதற்கு வைத்திருக்கும் புதினா மிட்டாய். ஞாயிறன்று ரயிலேறுவது பாவம் என்று நினைக்கிறவள். அக்காவுக்காக வருஷத்தில் ஒரு தடவை அந்தப் பாவத்தைச் செய்வாள், திரும்பிப் போகும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் பொய்யே சொல்லமாட்டாள். நாடகம் என்பதே காசு வாங்கிக்கொண்டு சொல்லும் பொய் என்பது அவள் கட்சி.

அந்தப் பொய்யில் அவளும் மாட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைவிட இரண்டு வயது இளையவளை, அலைடாவின் நண்பர்கள் எல்லாம் மூத்தவள் என்று நினைத்தார்கள். "நீங்கதான் பெரிய அக்காவா?" என்று யாராவது கேட்டால் ஹெர்மீன், "கர்த்தருக்குத் தெரியும்" என்பாள். அது பொய் இல்லை.

"நீ யாருகிட்டயும் எதையும் சொல்லிடாத" என்றாள் அலைடா, நாற்காலிகளை வட்டமாகப் போட்டபடி.

"நான் என்னைக்குச் சொன்னேன்? கேக்காததைச் சொல்றதில்ல. கேட்டா பொய் சொல்றதில்ல." ஹெர்மீன் பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

"அப்போ பதினொண்ணு" என்று எண்ணித் தட்டில் வைத்து டப்பாவைப் பட்டென்று மூடினாள். ஆளுக்கு ஒன்று. அந்த டப்பா இரண்டாம் தடவை திறந்ததாகச் சரித்திரம் இல்லை.

பதினோரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். வந்தவர்கள் வட்டத்தைச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் கைகொடுத்தார்கள். அலைடாவுக்கு வாழ்த்து, அலைடாவின் தங்கைக்கு வாழ்த்து, கீழ்வீட்டு ஃபான் டாலன் அம்மாளுக்கும், அண்டை வீட்டுக்காரிக்குப் பிறந்தநாள் என்பதற்காக வாழ்த்து. யாரும் யாரையும் விடவில்லை. பிறகு எல்லாரும் உட்கார்ந்து முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டார்கள்.

பெப்பும் லாம்மர்ஸும் கடைசியாக வந்தார்கள், ஒரு பலகையை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு. பலகையின் மேல் வெள்ளைத் துணி. துணியின் அடியில் யாரோ படுத்திருப்பதுபோல் இருந்தது.

"யாரு செத்துப்போனது?" என்றார் ஃபான் டாலன் அம்மாள்.

"இளமை" என்றாள் பெப், துணியை உருவியபடி.

மசாலா மணக்கும் பிஸ்கட் மாவில் சுட்ட ஒரு பொம்பளை. நான்கு வயதுக் குழந்தை உயரம். பாதாம் பருப்பில் பொத்தான், உலர்ந்த திராட்சையில் கண், சர்க்கரைப் பாகில் நரைமுடி. சாரா! ஐம்பது நிறைந்த பெண் சாராவைப் பார்த்துவிட்டாள் என்பார்கள். பார்த்தவளுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து காட்டுவதுதான் வழக்கம். ஆபிரகாமின் மனைவி தொண்ணூறில் பிள்ளை பெற்றவள், அவளைப் பார்த்தபின் ஐம்பது எல்லாம் ஒரு வயதா என்பது அதன் ஆறுதல்.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்கும் சமயத்தில்தான் ஹெர்மீன் தன்னை மறந்து சொன்னாள்:

"இன்னொரு சாராவா?"

பதினொரு பேரும் அவளையே பார்த்தார்கள்.

ஏனென்றால் முதல் சாராவைச் சுட்டது ஹெர்மீன். ஆறு வருஷத்துக்கு முன்னால், சுட்ஃபெனில், தன் வீட்டு அடுப்பில். நிஜமான ஐம்பதை யாருக்கும் தெரியாமல் கொண்டாட வேண்டும் என்று பட்டப்பகலில் கூடத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் பகலில் திரைச்சீலை மூடினால் சாவு என்று அர்த்தம். பத்து நிமிஷத்தில் அக்கம்பக்கத்தார் மூன்று பேர் சூப்புப் பாத்திரத்தோடு துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். சாராவை மேசைக்கு அடியில் தள்ளி, அக்காவும் தங்கையும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தச் சூப்பைக் குடித்தார்கள்.

அலைடா நடிகை. ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "சுட்ஃபென்காரங்க எதையும் ஒத்திகை பார்க்காம செய்யமாட்டாங்க" என்றாள் சிரித்துக்கொண்டு. "போன வாரமே ஒண்ணு சுட்டுப் பார்த்துட்டாங்களாம்!"

அறை வெடித்துச் சிரித்தது. தப்பித்தாயிற்று. ஹெர்மீன் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். அது அவள் சொன்ன பொய் இல்லை, ஆனால் அவள் வாய்க்கு மாட்டிய பொய்.

"ஐம்பதுதானே ஆச்சு, இன்னும் எத்தனையோ சித்தி வேஷம் பாக்கி இருக்கு" என்றார் லாம்மர்ஸ், சாராவின் வலது கையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு. "ஏழு வருஷம் போகட்டும், உங்க நாப்பதைப் பிரமாதமா நடத்திடலாம், அலைடா. நாளைக்கு அந்த ராஜாவுக்கே தேதியை விட்டுடறேன்."

"காபி!" என்றாள் பெப். "இன்னைக்குப் பிறந்தநாள்காரின்னு பார்க்கமாட்டேன். சட்டம் சட்டம்தான், சின்னப் பொண்ணே."

அலைடா சமையலறைக்குப் போனாள். ஹெர்மீன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"லைடா, நான் சும்மா இருந்தேன். ஆனா சும்மா இருக்கிறதும் ஒரு அளவுக்குத்தான்."

"தெரியுது."

"அந்த ஆளு ஏழு வருஷம்னாரு. ஏழு வருஷத்துல உனக்கு அறுபத்துமூணு."

"கணக்கு எனக்கும் தெரியும்டி!"

ஹெர்மீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டாள். அலைடா கோப்பைகளை எடுத்துத் தட்டில் வைத்தாள். பெப்பின் கோப்பை தனி. விளிம்பில் சின்ன உடைசல், அதில்தான் குடிப்பாள். சர்க்கரை ஒன்று, பால் ஒரு சொட்டு. கை தானாகச் செய்தது. தட்டைத் தூக்கும்போது மூலையில் கிடந்த பின்னல் கூடை கண்ணில் பட்டது. சாம்பல் நூல், பாதிக் கை. யாருக்கு என்றுகூட அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. கொடுக்காத ஆள் இல்லாமல் போய்விட்டது. இன்னும் ஏழு வருஷம் என்றால் இன்னும் பதினான்கு ஸ்வெட்டர். ஓட்டுநரின் நாய்க்குத்தான் பின்ன வேண்டும்.

தட்டோடு கூடத்துக்கு வந்தாள். லாம்மர்ஸுக்கு ஒன்று, கீழ்வீட்டம்மாளுக்கு ஒன்று, எல்லாருக்கும் கொடுத்தாள். பெப் தலையைத் திருப்பாமலே, பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினாள். முப்பத்துமூன்று வருஷமாக அப்படித்தான் நீட்டுவாள், கோப்பை வந்து உட்காரும்.

கோப்பை வரவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"சமையல்கட்டுல இருக்கு, பெப்" என்றாள் அலைடா. "எழுந்து போய் எடுத்துக்க. நான் உன்னைவிட நாலு வயசு பெரியவ."



"என்ன?" என்றார் லாம்மர்ஸ்.

"எனக்கு ஐம்பத்தாறு. இந்த அம்மா," சாராவைக் காட்டினாள், "ஆறு வருஷம் லேட்டா வந்திருக்காங்க. 1918-ல மேடை ஏறினவ நான். வர ஆகஸ்டோட நாப்பது வருஷம். அக்டோபர் பதினெட்டு எனக்கு வேணும்."

சொல்லிவிட்டு, உள்ளே போய்த் தொப்பிப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து லாம்மர்ஸின் மடியில் வைத்தாள். அவர் தாளைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.

"அலைடா... இதுல 'திரு. அ. பிரின்ஸ்'னு போட்டிருக்கு. 'விதவையாக நடிப்பவர்: திரு. அ. பிரின்ஸ்'."

"அச்சடிச்சவன் தப்பு. அவன் எல்லாரையும் திருவாக்கிட்டான். குதிரையைக்கூட."

"நான் நம்பறேன். நாடகமன்றத்துக்காரங்க நம்பணுமே! யாரோ ஒரு ஆம்பளையோட தாளைக் காட்டி நாப்பது வருஷம்னா சிரிப்பாங்க. அந்தக் குழுவுல இருந்தவங்க யாராச்சும் உயிரோட இருக்காங்களா? பார்த்தவங்க யாராச்சும்?"

அலைடா யோசித்தாள். குழுத் தலைவர் போய்ச்சேர்ந்துவிட்டார். அவர் மனைவியும் இல்லை. செத்த புருஷனாக நடித்தவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவன், அதோடு சரி. இத்தனை வருஷம் மறைத்ததை வாய்விட்டுச் சொல்லியும் ஆயிற்று, கையில் மிஞ்சியது ஒரு ஆம்பளைப் பேர். அவள் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாரும் இல்ல" என்றாள்.

"நான் இருக்கேன்" என்றாள் ஹெர்மீன்.

எல்லாரையும்விட அதிகமாகத் திடுக்கிட்டது அலைடாதான். "நீயா? நீ எந்தக் காலத்துல நாடகம் பார்த்த?"

ஹெர்மீன் எழுந்து நின்றாள். கோயிலில் சாட்சி சொல்கிறவள்போல் கையைக் கோத்துக்கொண்டாள்.

"நாடகம் எனக்குப் பிடிக்காதுன்னு சொல்லிருக்கேன். பார்த்ததே இல்லைன்னு ஒருநாளும் சொன்னதில்ல. எனக்குப் பதினாலு வயசு. அப்பா தூங்கினப்புறம் ஜன்னல் வழியா இறங்கிச் சந்தைக்கு ஓடினேன். உன்னைக் கூட்டிட்டு வந்துடணும்னுதான் போனேன். கொட்டகையில கடைசி வரிசையில நின்னேன். நீ அறுபது வயசு விதவையா வந்த. தலையில பஞ்சு, மூக்குல மாவு. பெட்டியில புருஷன் செத்துக் கிடக்கான். நீ அவன்மேல விழுந்து அழுத. மாவு பறந்துச்சு, அவன் தும்மிட்டான்."

வட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள்.

"கொட்டகையே வாயடைச்சுப் போச்சு. நீ தலையைத் தூக்கி எங்களைப் பார்த்து, 'பாருங்க ஜனங்களே, செத்தும் சளி விடலையே இந்த மனுஷனை!'ன்னு சொல்லிட்டு, ஜேப்புலேருந்து கைக்குட்டை எடுத்துப் பொணத்துக்கு மூக்கைச் சிந்திவிட்ட."

லாம்மர்ஸ் காபியைத் துப்பிவிட்டார். நீல ஸ்வெட்டரில் வழிந்தது. ஃபான் டாலன் அம்மாள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். ஹெர்மீன் மட்டும் சிரிக்காமல் நின்றாள், ஆனால் அவள் தொப்பி ஆடியது.

"நான் சிரிச்சேன்" என்றாள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில். "வயிறு வலிக்கச் சிரிச்சேன். உன்னைக் கூப்பிடாமலே திரும்பி வந்துட்டேன். இவ்வளவு ஜனத்தைச் சிரிக்க வைக்கிறவளைக் கூட்டிட்டு வந்து வீட்டுல என்ன செய்யச் சொல்றதுன்னு தோணுச்சு. நாப்பது வருஷமா யாருகிட்டயும் சொல்லல. யாரும் கேக்கல." லாம்மர்ஸ் பக்கம் திரும்பினாள். "எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். நான் பொய் சொல்லமாட்டேன்னு எங்க போதகர் சாட்சி போடுவாரு."

அலைடா தங்கையின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். ஓடிப்போன அன்று வீட்டில் யாருமே தன்னைத் தேடி வரவில்லை என்றுதான் இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பெப்பின் நினைவு வந்தது. காபி எடுக்க பெப் எழுந்து போயிருக்கவில்லை. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"பெப், கோவமா?" என்றாள் அலைடா.

பெப் நிமிர்ந்தாள். முகமெல்லாம் கண்ணீர். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"அடிப்பாவி, உன் வயசு எனக்கு 1931-லேயே தெரியும்டி!"

"என்ன?"

"சுட்ஃபென்ல நாடகம் போட்டப்ப உன் தங்கச்சி வீட்டுலதான தங்கினோம்? கழிப்பறைக்குப் போனேன். எல்லார் வீட்டுக் கழிப்பறையிலயும் மாட்டற மாதிரி சுவத்துல பிறந்தநாள் காலண்டர். மார்ச் பதினாறு, லைடா, பக்கத்துலயே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு. அழகான கையெழுத்து!"

எல்லாரும் ஹெர்மீனைப் பார்த்தார்கள். "வருஷம் எழுதாம எப்படி?" என்றாள் ஹெர்மீன். "அப்புறம் எத்தனை முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

தன் வீட்டுக் கழிப்பறைக் காலண்டரில் அந்தத் தேதியை முப்பத்துமூன்று வருஷமாகக் காலியாக விட்டிருந்தவள் அலைடா. நாட்டிலுள்ள மற்ற கழிப்பறைகளை அவள் யோசிக்கவில்லை.

"இருபத்தேழு வருஷமா தெரிஞ்சுக்கிட்டே," அவள் குரல் உயர்ந்தது, "என்னைக் காபி கொண்டாரச் சொன்னியா?"

"நீதான் சின்னவன்னு சொன்ன. உன்னைப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரல." பெப் கண்ணைத் துடைத்தாள். "அதோட உன் காபி நல்லா இருந்துச்சு."

அலைடா மேசையிலிருந்த சாராவின் தலையை உடைத்து அவள்மேல் எறிந்தாள். பெப் அதை மடியில் பிடித்து, திராட்சைக் கண்ணைப் பிடுங்கித் தின்றாள்.

"சரி, என்ன நாடகம் கேக்கப்போற? சொல்லித் தொலை."

அலைடா தயங்கினாள். "ஓடக்காரி."

அது பெப்பின் வேடம். பெப் சாராவின் இன்னொரு கண்ணையும் பிடுங்கினாள், மென்றாள், விழுங்கினாள்.

"கேக்கமாட்டியோன்னு பயந்துட்டேன்" என்றாள். "மூணாம் அங்கத்துல அந்தத் துடுப்பு என்ன கனம் தெரியுமா? நான் பக்கத்து வீட்டுக்காரி போடறேன். சேதியைச் சொல்லிட்டுப் போய் உக்காந்துக்கறேன். வயசாச்சு, பெரியவங்களே."

எழுந்தாள். சமையலறைக்குப் போனாள். உடைசல் கோப்பையையும் இன்னொரு கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து, இன்னொன்றை அலைடாவின் கையில் வைத்தாள். காபி ஆறிப்போயிருந்தது, சர்க்கரை மூன்று மடங்கு. அலைடா ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அப்போது பட்டென்று ஒரு சத்தம். ஹெர்மீன் பிஸ்கட் டப்பாவைத் திறந்திருந்தாள், இரண்டாம் தடவையாக.

"ஆளுக்கு இன்னொண்ணு எடுத்துக்கங்க" என்றாள். "இன்னைக்கு மட்டும்."

அக்டோபர் பதினெட்டாம் தேதி நாடகமன்றம் நிறைந்தது. ஒத்திகையின்போது அலைடாவுக்கு வசனம் ஒன்றுகூடத் தப்பவில்லை, கைதான் தொல்லை கொடுத்தது. மூன்றாம் அங்கம் தொடங்கியதும் இரண்டு கையும் தானாக மடியில் ஏறி, இல்லாத ஊசியைப் பின்னத் தொடங்கிவிடும். "ஓடக்காரி என்னம்மா கொசுவா பிடிக்கிறா?" என்று லாம்மர்ஸ் கத்துவார். விழா அன்று துடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது கனமாகத்தான் இருந்தது. பெப் பொய் சொல்லவில்லை.

முன்வரிசையில் கறுப்புத் தொப்பியோடு ஹெர்மீன். மூன்றாம் அங்கத்துக்கு விளக்கு அணைந்ததும், பிரசங்கம் தொடங்கும்போது செய்வதுபோலவே, புதினா மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்திலிருந்த மேயருக்கும் ஒன்று நீட்டினாள். மேயர் வாங்கிக்கொண்டார்.

திரை விழுந்தது. அலைடா அப்போதும் மேடையில்தான் இருந்தாள். எல்லாரோடும் கைகோத்து வணங்கினாள். பிறகு எல்லாரும் அவள் கையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கினார்கள். திரை மறுபடி மூடியது. இனி அவள் தனியாகப் போக வேண்டும்.

"நில்லு" என்றாள் பெப், ஓரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து. மூன்றாம் அங்கம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். கையில், அலைடா பாதிக் கையோடு விட்டிருந்த அந்தச் சாம்பல் ஸ்வெட்டர். பல்லால் கடித்து நூலை அறுத்தாள். "முடிச்சுட்டேன். மூணு மாசமா இதே வேலை. ஒரு கை நீளமாப் போயிடுச்சு."

அலைடா பார்த்தாள். கொஞ்சம் நீளம் இல்லை, முழங்கால் வரை தொங்கியது. "யாருக்குடி இது? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"உனக்குத்தான். ஊர்ல எல்லாருக்கும் பின்னின, உன்கிட்ட ஒண்ணு இருக்கா?"

இல்லை. அலைடாவுக்கே அப்போதுதான் அது உறைத்தது. வெளியே கைதட்டல் தாளம் பிடித்துவிட்டது, மேயர் பதக்கத்தோடு படியேறிக்கொண்டிருந்தார், லாம்மர்ஸ் "போங்க, போங்க!" என்று பதறினார். அலைடா ஓடக்காரியின் உடைமேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். ஒரு கை சரியாக இருந்தது. இன்னொன்று விரலைத் தாண்டி ஆடியது.

திரை விலகியது. அவள் தனியாக நடுமேடைக்கு நடந்து போய், அந்த நீளக் கையை உயர்த்தி ஆட்டினாள். ஜனங்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துக்கொண்டே எழுந்து நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், தொப்பி சரிந்ததைக்கூடக் கவனிக்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் ஹெர்மீன்.